தலைமாட்டு மேசை: இருட்டில் கை தேடுவது மட்டும்

இரவு 2.40. தலையணைக்கு அடியில் கைபேசி அதிர்ந்தது. அந்த வாரம் எனக்கு ஆன்-கால் முறை. எங்காவது சர்வர் விழுந்தால் வீட்டிலிருந்தபடியே எழுந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக்காகக் கையை நீட்டினேன். தலைமாட்டில் இருந்த ஸ்டூலில்தான் கண்ணாடி இருந்தது. ஆனால் அதன்மேல் முந்தைய நாள் செய்தித்தாள், செய்தித்தாளின் மேல் சரியாக மூடாத தண்ணீர் பாட்டில். கை பட்டதும் பாட்டில் சாய்ந்து, தரையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த லேப்டாப்பின் மேல் கொட்டியது. எதிர்முனையில் இருந்தவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன சர்வர் பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனா இல்லை. நினைவில் இருக்கிறது என்று நம்பி, சக ஊழியரிடம் வேறொரு பெயரைச் சொல்லிவிட்டேன். இருபது நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை விடியும்வரை இழுத்தது. லேப்டாப்பும் போயிற்று.

மறுநாள் தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்டூலைக் காலி செய்தேன். அதன் பிறகு மூன்று வீடு மாறிவிட்டேன், கட்டிலும் மாறிவிட்டது. ஆனால் அன்று வகுத்துக்கொண்ட விதி மட்டும் மாறவில்லை: இருட்டில் கை தேடும் பொருள் மட்டுமே தலைமாட்டில் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை முக்கியமாக ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் நள்ளிரவில் அழைப்பு வரக்கூடியவர்களுக்கும். மருத்துவமனைச் செவிலியர், பயிற்சி மருத்துவர், மென்பொருள் ஆதரவுப் பணியாளர், மின்வாரிய ஊழியர், அதிகாலை முதல் பேருந்தை எடுக்கும் ஓட்டுநர் எல்லோருக்கும் வேலை தொடங்கும் இடம் அலுவலகம் அல்ல, கட்டில். அலுவலக மேசையைத் துடைத்து வைக்கிறோம். அடையாள அட்டையை மறக்காமல் இருக்கக் கதவருகே ஆணி அடிக்கிறோம். அரைத்தூக்கத்தில் முதல் முடிவை எடுக்கும் இடத்தை மட்டும் ரசீதுக்கும் சில்லறைக்கும் விட்டுவிடுகிறோம்.

மூன்று இரவு குறித்து வையுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. மூன்று இரவுகள், விளக்கணைத்தபின் உங்கள் கை எதையெதைத் தேடியது என்று காலையில் எழுதுங்கள். தேடியதை மட்டும். ‘தேவைப்படலாம்’ என்று தோன்றியவற்றை எழுத வேண்டாம். என் பட்டியலில் ஐந்துதான் வந்தன: கண்ணாடி, கைபேசி, தண்ணீர், நோட்டு, விளக்கு. ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர் வரும், கைக்குழந்தை உள்ள வீட்டில் வேறு வரும். ஆனால் எட்டைத் தாண்டினால் மறுபடி பாருங்கள். பகல் பொருள் ஏதோ இரவுப் பட்டியலுக்குள் நுழைந்திருக்கும்.

இந்தப் பட்டியல்தான் மேசையின் அளவைச் சொல்லும். பெரும்பாலானவர்கள் மேசையை முதலில் வாங்கிவிட்டு, அதை நிரப்பப் பொருள் சேர்க்கிறார்கள். ஐந்து பொருளுக்கு 15 அங்குல அகலம் போதும். 24 அங்குலத்தில் வாங்கினால் மீதி ஒன்பது அங்குலமும் ஒரே மாதத்தில் தைலம், ஹேர்பின், பேருந்து டிக்கெட், கூரியர் கவர் என்று நிரம்பிவிடும். வெற்றிடத்தைப் பார்த்ததும் கையில் இருப்பதை வைத்துவிடுவது மனித இயல்பு. அதை மன உறுதியால் எதிர்ப்பதைவிட இடமே இல்லாமல் செய்வது சுலபம்.

அளவு எடுப்பது எப்படி

எங்கள் வீட்டுக்கு வந்த ஆசாரி டேப்பை எடுக்கும் முன் சொன்னார்: “சார், மெத்தையைப் போட்டு, படுத்துக் காட்டுங்க. அப்புறம் உயரம் சொல்றேன்.” நான் கட்டிலின் உயரத்தைத்தான் அளந்து வைத்திருந்தேன். அவர் சொன்னதுதான் சரி. கட்டில் 18 அங்குலம் என்றால் அதன்மேல் ஆறு அங்குல மெத்தை வந்ததும் படுக்கும் மட்டம் 24 ஆகிவிடுகிறது. மேசையின் மேற்பலகை அந்த மட்டத்துக்குச் சமமாகவோ, அதிகம் போனால் இரண்டு அங்குலம் கூடுதலாகவோ இருக்கலாம். அதற்கு மேல் போனால் படுத்தபடி முழங்கையைத் தூக்க வேண்டும். தூக்கிய கை இறங்கும்போதுதான் டம்ளர் விழுகிறது. மிகத் தாழ்ந்திருந்தால் போர்வையின் நுனியே பொருளை வாரித் தள்ளிவிடும்.

மெத்தையை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து எட்டு அங்குல ஸ்பிரிங் மெத்தைக்கு மாறியவர்கள், பழைய மேசை ஏன் திடீரென்று எட்டாமல் போயிற்று என்று கேட்பார்கள்.

பாயில் படுப்பவர்களுக்கு இந்த மேசை வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. தரையில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டு எழுந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆறு முதல் எட்டு அங்குல உயரமுள்ள ஒரு மணை, வீட்டில் பழையது கிடந்தாலே போதும். தரையைப் பெருக்கித் துடைக்கும்போது ஒரு கையால் தூக்கி வைக்கலாம். எறும்பு, ஈரம் இரண்டிலிருந்தும் கைபேசியைக் காப்பாற்றும். கடையில் விற்கும் எந்த மேசையையும்விட இது எனக்குப் பிடிக்கும்.

விடுதியில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுப்பவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். அங்கே மேசைக்கு வழியில்லை. கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிடும் துணிப்பை நல்லது. பழைய ஜீன்ஸின் பின்பாக்கெட்டுகளை வெட்டி, நாடா வைத்துத் தைத்தாலே இரண்டு அறைகள் கிடைக்கும். அதில் கண்ணாடியை அதன் கூட்டோடுதான் போட வேண்டும். தண்ணீர் மட்டும் மேலே ஏறக் கூடாது. கீழே படுத்திருப்பவருக்கும் தூக்கம் வேண்டும்.

மரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலை குறைவு என்று வரும் பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஓரத்திலிருந்து உப்பிவிடும். தலைமாட்டில் தண்ணீர் சிந்தாத வீடு இல்லை. பிளைவுட்டில் மைக்கா ஒட்டியதோ, சாதாரண மரமோ, இரும்போ எதுவானாலும் சரி. மேற்பலகையின் மூன்று ஓரத்திலும் அரை அங்குலம் பீடிங் அடிக்கச் சொல்லுங்கள். இருட்டில் துழாவும் கை, கண்ணாடியைக் கீழே தள்ளாமல் இருக்க அந்த அரை அங்குலம் போதும். கட்டிலை ஒட்டிய ஓரத்தை மட்டும் திறந்து விடுங்கள். கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டுவிட்டால் டைல்ஸில் வழுக்காது, நள்ளிரவில் இழுத்தால் சத்தமும் வராது.

இழுப்பறை ஒன்று போதும், நான்கு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான இழுப்பறையில் பொருள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் போனது வீடு காலி செய்யும் நாளில்தான் கிடைக்கும். மர இழுப்பறை மழைக்காலத்தில் உப்பி இறுகினால், ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். பக்கத்தில் உறங்குபவரை எழுப்பாமல் திறக்கலாம்.

இன்னொன்று பிளக் பாயிண்ட். நம் வீடுகளில் வடக்கே தலைவைத்துப் படுப்பதில்லை. வீடு கட்டியவர் அதை நினைத்து சுவிட்ச்போர்டு வைத்திருக்க மாட்டார். வாடகை வீட்டில் கட்டிலை எங்கே போடுவது என்று முடிவான பிறகே மேசை வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைத் தீர்மானியுங்கள். வயர் நடக்கும் வழியில் குறுக்கே போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேசையின் பின்புறம், தரைக்கு மேலே, இரண்டு திருகில் தொங்கட்டும். சார்ஜர் வயரை மேசை ஓரத்தில் ஒரு பைண்டர் கிளிப்பில் நுழைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அது பின்னால் விழுந்து, குனிந்து தேடும் வேலை இருக்காது.

கைபேசியும் அலாரமும் ஒன்றாக இருக்கக் கூடாது

இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றேன். ஆன்-கால் கைபேசி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலாரம் கையெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். ஒரே கருவி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கி அறையின் மறுகோடியில் வையுங்கள். அதை நிறுத்த எழுந்து நாலடி நடக்க வேண்டும் என்பதுதான் அதன் பயன்.

கைபேசி தலையணைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வரும் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். மேசை மேல், திரை கவிழ்ந்தபடி இருக்கட்டும். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பை இரவு முழுவதும் போட்டு, மேலாளர், பணி எண், வீட்டுப் பெரியவர்கள் ஆகியோருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அதே எண்ணிலிருந்து உடனே இரண்டாவது முறை அழைத்தால் மணி ஒலிக்கவிடும் வசதியும் உண்டு. ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் அது வேலை செய்யும். இதை உங்கள் குழுவினரிடம் சொல்லி வையுங்கள். உண்மையான அவசரம் என்றால் இரண்டு முறை அழைப்பார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள்.

படுத்தபடி திரையைப் பார்ப்பது பற்றி எல்லோரும் எச்சரிப்பதால் காது மரத்துவிட்டது. ஒரே ஒரு தகவலை மட்டும் சொல்கிறேன். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 12 பேரை இரண்டு வாரம் ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, சில இரவுகள் ஒளிரும் மின்புத்தகத்தையும் சில இரவுகள் அச்சுப் புத்தகத்தையும் படிக்கச் செய்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், மின்புத்தகம் படித்த இரவுகளில் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போனது, தூக்கம் வரவும் கூடுதல் நேரம் பிடித்தது. பகலில் தூங்கி இரவில் வேலை பார்ப்பவருக்கு ஏற்கெனவே வெளிச்சத்தோடு சண்டை. அந்தச் சண்டையில் கைபேசியையும் எதிரணியில் சேர்க்க வேண்டாம். தலைமாட்டு விளக்குக்கும் வெள்ளை பல்பு வேண்டாம். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பு, குறைந்த வாட்டில் போதும். அதன் சுவிட்ச் படுத்தபடி எட்ட வேண்டும்.

நோட்டும் பேனாவும்

மேசை மேல் ஒரே ஒரு பொருள்தான் வைக்க முடியும் என்றால் நான் நோட்டைத்தான் வைப்பேன்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி, ஈஸ்டர் சமயத்தில் ஓர் இரவு விழித்து, கனவில் வந்த சோதனை ஒன்றை ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. அந்தப் பகல் முழுவதும் தவித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இம்முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதித்தார். நரம்பு தன் செய்தியை ஒரு வேதிப்பொருள் மூலம் கடத்துகிறது என்பது அதில் தெரிந்தது. ஆய்வு 1921இல் வெளிவந்தது, 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் இரண்டாவது இரவு வாய்ப்பதில்லை. துண்டுத் தாளுக்குப் பதில் கெட்டி அட்டை போட்ட நோட்டும், ஒரு விளக்கும் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் இரவே போதுமாக இருந்திருக்கலாம்.

நம் ஊரில் துண்டுத் தாள் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் மின்விசிறி. காலையில் தாள் கட்டிலுக்கு அடியில் இருக்கும். கையடக்க ஸ்பைரல் நோட்டு வாங்கி, பேனாவை அதன் கம்பியிலேயே நூலால் கட்டிவிடுங்கள். பேனாவைவிடப் பென்சில் நல்லது. படுத்தபடி எழுதினாலும் எழுதும்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டியதை அதில் எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ‘ரிப்போர்ட்’ என்று ஒரு சொல் போதாது. ‘பத்து மணிக்கு முன் மூன்றாம் பக்க அட்டவணையைத் திருத்தி அனுப்ப வேண்டும்’ என்று எழுதுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தை அழைப்புக்கென ஒதுக்குங்கள். திடீரென எழுப்பப்பட்டவருக்கு மூளை முழுதாகத் தெளிய கால்மணி, அரைமணி ஆகும். அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்று யோசிக்க வைக்கக் கூடாது. யார் அழைத்தது, எத்தனை மணி, என்ன பழுது, எத்தனை பேருக்குப் பாதிப்பு, அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்ற ஐந்து கேள்விகளை முன்கூட்டியே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அழைப்பு வந்ததும் பதில்களை நிரப்பி, நிரப்பியதை எதிர்முனையில் இருப்பவரிடம் திரும்பப் படித்துக் காட்டுங்கள். மருத்துவமனைகளில் தொலைபேசியில் மருந்தளவு சொல்லும்போது செவிலியர் அதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் இதற்காகத்தான். 2.40 மணிக்கு நான் அதைச் செய்திருந்தால் தவறான பெயர் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும்.

தண்ணீர், மாத்திரை

தண்ணீருக்கு மூடியுள்ள அகலமான சொம்பு அல்லது தட்டையான அடி கொண்ட எவர்சில்வர் டம்ளர். உயரமான பாட்டில் சாயும். அது எப்போதும் மேசையின் தூர மூலையில், கைபேசிக்கும் பிளக்குக்கும் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இடம் மாறக் கூடாது. கை அதைக் கண்ணில்லாமல் அறிந்திருக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். பாட்டிலோ முழு அட்டையோ தலைமாட்டில் இருக்கக் கூடாது, ஒரு வேளைக்கு உரியது மட்டும். தூக்கக் கலக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவது முறை போட்டவரை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். குழந்தை உள்ள வீட்டில் அந்த ஒன்றுகூட வேண்டாம், பூட்டிய அலமாரிதான் சரி. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் உணவும் எடுக்க வேண்டும். முந்தைய இரவே ஒன்றை மூடியுள்ள சிறு டப்பாவில் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், சமையலறையில் காபி வாசனை வருவதற்குள் அது முடிந்திருக்கும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு அதையே கடைப்பிடியுங்கள். விளக்கைப் போடாமல் எந்த மாத்திரையையும் விழுங்காதீர்கள்.

இழுப்பறைக்குள் டார்ச், காது அடைப்பான், பகலில் தூங்குபவர்களுக்குக் கண்பட்டி, தைலம். அவ்வளவுதான். மின்வெட்டு நேரத்தில் கைபேசி வெளிச்சம் போதும் என்பார்கள். ஆன்-காலில் இருப்பவருக்கு அந்த பேட்டரி வேறு வேலைக்கு வேண்டும்.

கொசுவர்த்திச் சுருளை மேசை மேல் ஏற்றாதீர்கள். அது தரையில், அதன் தகரத் தாங்கியில், போர்வையும் திரைச்சீலையும் எட்டாத இடத்தில் எரியட்டும். லேப்டாப்பும் தலைமாட்டுக்கு வரக் கூடாது. அழைப்பு வந்தால் எழுந்து போய் வேறு மேசையில் உட்காருங்கள். எழுந்து நடந்த அந்தச் சில அடியிலேயே பாதிக் கலக்கம் போய்விடும். சில்லறை, ரசீது, சாவி, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் வாசலருகே ஒரு தட்டு போதும். அவை வீட்டைவிட்டு வெளியேறும் பொருள்கள், படுக்கையறைவரை வர வேண்டியதில்லை.

ஷிப்ட் மாறும் நாள்

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது என்பது நமக்குக் குளிர்காலத்தில் மாலை 7.30, கோடையில் 6.30. லண்டனுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. கைபேசி நாட்காட்டி தன்னால் மாற்றிக்கொள்ளும், அறையின் மறுகோடியில் வைத்த அலாரம் கடிகாரம் மாற்றாது. அந்தத் தேதிகளை ஒரு சீட்டில் எழுதி இழுப்பறையின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

அதே இரண்டு ஞாயிறுகளில் மேசையை முழுதாகக் காலி செய்து துடையுங்கள். காலாவதியான தைலம், வறண்ட பேனா, டார்ச்சில் கசிந்த பேட்டரி அப்போதுதான் கண்ணில் படும். தனியாக ஒரு சுத்தம் செய்யும் நாளைக் குறித்துக்கொண்டவர்கள் அதை மறந்துவிடுவார்கள். நேர மாற்றத்தை வேலையே நினைவூட்டிவிடும்.

எனக்கு ஆன்-கால் வாரம் திங்கள் காலை ஒன்பதுக்கு முடிகிறது. பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து, அவர் ஏற்றுக்கொண்டேன் என்று பதில் போட்டதும், அழைப்பு நோட்டை எடுத்து அலுவலகப் பைக்குள் வைத்துவிடுவேன். அடுத்த முறை வரும்வரை அது அங்கேதான். மேசையில் அது இருந்த இடத்தில், பாதியில் நிற்கும் நாவல் ஒன்று வந்து உட்காரும்.